முட்டிக்காரரின் இருபது விநாடி

மனிதர்கள் மண்டியிடப் பல காரணங்கள் இருக்கின்றன: கடவுள், மேலதிகாரி, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை. நம்மவர் மண்டியிட்டது கன்றுக்குட்டி படுக்கிற இடம் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பதினோரு வருடம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, தடவைக்கு இருபது விநாடி. இவ்வளவு நேரம் வேறெங்காவது மண்டியிட்டிருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு மதத்தில் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

உத்தியோகப் பெயர் கன்று நல மதிப்பீட்டாளர். அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. மனைவி அக்கம்பக்கத்தில் "பால் கம்பெனியில இருக்கார்" என்று முடித்துக்கொள்வார். பண்ணைகளில் "கன்னுக்கு மார்க் போடறவர்". அலுவலகத்தில் முட்டி. இந்தக் கடைசிப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

பாக்கெட்டின் மேல் கண்ணிமை நீண்ட ஒரு கன்றுக்குட்டியின் படத்தைப் போட்டுவிட்டால் பால் நன்றாகப் போகிறது என்று நிறுவனம் ஒருநாள் கண்டுபிடித்தது. படத்தைப் போட்டபிறகு, நிஜக் கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது என்ற கவலை வந்தது. அதுவரை பால் அளக்கும் மேடையில் உட்கார்ந்திருந்த நம்மவரைக் கூப்பிட்டு, மூன்று நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு படிவத்தைத் திணித்து அனுப்பினார்கள். மூக்கு, கண், காது, இருமல், சாணம், தொப்புள், தண்ணீர், படுக்கை, மனிதரை அணுகுதல் என்று ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். பூஜ்யம்தான் உத்தமம். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கிப் பிரம்படி பட்ட மனிதர், பண்ணை பண்ணையாகப் போய்ப் பூஜ்யத்தைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காது தொங்கினால் ஒன்று. இரண்டு காதும் தொங்கினால் இரண்டு. மூக்கு தெளிவாக ஒழுகினால் ஒன்று, கெட்டியாக ஒழுகினால் இரண்டு.

முதல் வருடம், சளி முற்றிய கன்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் இரவு சாப்பிடமாட்டார். இரண்டாம் வருடம் சாப்பிட்டார், ஆனால் பேசவில்லை. மூன்றாம் வருடம் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னிக்கு ரெண்டு கன்னு ரெண்டு" என்று கணக்குப் பாடம்போலச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். ஆண் கன்றுகளைப் பற்றிப் படிவத்தில் ஒன்றும் கிடையாது. அவை முதல் வாரத்திலேயே வண்டியேறிவிடும். வண்டி எங்கே போகிறது என்று அவர் ஒருமுறை மேலாளரைக் கேட்டார். "கட்டம் இருக்கா அதுக்கு?" என்றார் மேலாளர். இல்லை. அதோடு அந்தக் கேள்வியும் வண்டியேறிவிட்டது.

இப்போது முட்டி விஷயம்.

படுக்கையைக் கண்ணால் பார்த்து மார்க் போட முடியாது. பண்ணைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். மதிப்பீட்டாளர் வருகிறார் என்றால், ஈரத்தில் ஊறிக்கிடக்கும் பழைய வைக்கோலின் மேல் இரண்டு கை புது வைக்கோலைத் தூவிவிடுவார்கள். பார்த்தால் பொன்னாக மின்னும். அதனால் விதி என்னவென்றால், முழு எடையையும் போட்டு மண்டியிட வேண்டும்; இருபது எண்ண வேண்டும்; எழுந்து, முட்டித் துணி நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். நனையவில்லை என்றால் பூஜ்யம்.

நம்மவர் குனிந்து பார்ப்பதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. பண்ணைக்காரர் எதிரில் நிற்கும்போது ஓர் அதிகாரி தன் கால்சட்டையைத் தானே குனிந்து முறைப்பது கௌரவமாக இல்லை. தவிர, அவசியமும் இல்லை. துணி நனைவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடி மண்டியிடுவார். பத்தாவது விநாடியிலேயே, "ஒன்று. வடக்கு ஓரம் மட்டும் இரண்டு" என்பார். தோண்டிப் பார்த்தால் அப்படியே இருக்கும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். "துணியைப் பாக்காதே. முட்டியைக் கேளு" என்பது பாடத்தின் சாரம். அவர்களும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். இப்படி வந்ததுதான் அந்தப் பட்டம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலையடிவாரப் பண்ணைக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"சார், ஆறு வாரத்துல நாலு கன்னு போச்சு. எல்லாம் நெஞ்சுச் சளி. நீங்க ஒரு நடை வரணும்."

"டாக்டர் வந்தாரா?"

"வந்தாரு, ஊசி போட்டாரு, போனாரு. அது இல்ல சார் விஷயம். கன்னு பாக்கற பொம்பளையை மாத்தலாம்னு இருக்கேன். அவதான் சரியா பால் வைக்கறதில்ல. நீங்க வந்து பாத்து ஒரு ரிப்போர்ட் குடுத்துட்டீங்கன்னா, சனிக்கிழமையோட அனுப்பிடுவேன். நாளைக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது பாருங்க."

"என் ரிப்போர்ட் எதுக்கு அதுக்கு?"

"படுக்கை ஈரமா இருக்கு, அதான் சாவுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா சார். நீங்கதான் ரெண்டு தடவையும் பூஜ்யம் போட்டிருக்கீங்களே. மூணாவது தடவையும் போட்டுட்டா, வாயை மூடிக்குவா."

நம்மவர் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கன்றுக் கொட்டகை, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்பக்கம் ஒட்டினாற்போல் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நடுவில் குழாய்க் கம்பியால் அடித்த நாலு தடுப்புகள். சிமெண்டுத் தரை. கட்டிய மேஸ்திரி சாய்வைத் திருப்பிப் போட்டுவிட்டதால், தொழுவத்தைக் கழுவுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் கன்றுகளைப் பார்க்க வரும். மேலே வைக்கோல். அன்றைக்குக் காலையில்தான் தூவியது; வாசனையே சொன்னது. உள்ளே பதினேழு கன்றுகள்.

வழக்கமாக மதிப்பீட்டின்போது கன்று பார்ப்பவர் உள்ளே இருக்கக்கூடாது. இருந்தால் கன்றுகள் அவர் பின்னாலேயே போய்விடும், மார்க் கெட்டுவிடும். அதனால் கன்று பார்க்கும் அம்மாவை நம்மவர் இத்தனை நாளில் வாசற்படிக்கு வெளியே முதுகுப் பக்கமாக மட்டும்தான் பார்த்திருந்தார். இன்றைக்கு அவர்மேல்தான் புகார் என்பதால், கேள்வி கேட்க உள்ளே கூப்பிட வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் செருப்பு, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, ஒரு கையில் காம்பு பொருத்திய பால் வாளி. வந்தவர் வணக்கம் சொல்லவில்லை.

"ஒரு கன்னுக்கு எவ்வளவு பால் வைக்கறீங்க?"

"சொன்ன அளவு."

"யார் சொன்ன அளவு?"

"நீங்க ஒட்டிட்டுப் போனீங்களே சார், சுவத்துல. அந்த அளவு." சுவரில் உண்மையிலேயே அவர் ஒட்டிய தாள் இருந்தது. கீழ் மூலையைக் கன்றுகள் நக்கித் தின்றிருந்தன.

"சூடு?"

"கையை விட்டுப் பாப்பேன். புறங்கை சுடாத அளவு."

"பொறந்த உடனே சீம்பால்?"

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள. ராத்திரி பொறந்தாலும் எழுந்து வந்து குடுத்துட்டுத்தான் போவேன். அதுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களா சார்?"

அவர் அடுத்த கட்டத்துக்குப் போனார். மனிதரை அணுகுதல்: தடுப்புக்குள் போய், கையை முன்னால் நீட்டி, அசையாமல் நிற்க வேண்டும். அடி வாங்கிப் பழகிய கன்றுகள் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே பதினேழும் வந்தன. இருமிக்கொண்டே வந்தன, காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தன, ஆனால் வந்தன. ஒன்று அவர் படிவத்தின் நுனியைச் சப்ப ஆரம்பித்தது. பதினேழுக்குப் பதினேழு. பூஜ்யம்.

கடைசிக் கட்டம் படுக்கை. பண்ணைக்காரர் டீ கொண்டுவருவதாகச் சொல்லி வீட்டுப் பக்கம் போயிருந்தார். நம்மவர் நடுத் தடுப்பில் இடம் பார்த்து, கண்ணை மூடி, மண்டியிட்டு, இருபது எண்ணி, எழுந்து, நிமிர்ந்த தலையோடு பேனாவைத் திறந்தார்.

"என்ன போடறீங்க சார்?"

"பூஜ்யம்."

"பூஜ்யம்னா?"

"காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அந்த அம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க முட்டி ரெண்டும் சொட்டுது."

நம்மவர் பல வருடங்களில் முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். காக்கித் துணியில், இரண்டு முட்டியிலும், தட்டு அகலத்துக்குக் கறுப்பாக இரண்டு வட்டங்கள். வலது பக்கத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒரு கோடாக இறங்கி, காலணிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இது எப்ப ஆச்சு?" என்றார்.

"இப்ப சார். இப்பதானே மண்டி போட்டீங்க."

இன்னொரு முறை மண்டியிட்டார், இருபதுக்குப் பதில் நாற்பது எண்ணினார். ஒன்றும் இல்லை. வைக்கோலும் இல்லை, சிமெண்டும் இல்லை, குளிரும் இல்லை. யாரோ ஒருவருடைய முட்டி எங்கோ ஒரு ஊரில் மண்டியிட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதுபோல இருந்தது. கையை வைத்துப் பார்த்தார். விரல் நனைந்தது, ஜில்லென்றது. கை வேலை செய்கிறது.

அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். எழுந்து, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சொம்புல குளுந்த தண்ணி எடுத்து முட்டி மேல ஊத்துங்க. நான் கண்ணை மூடிக்கறேன். ஊத்தும்போது சொல்லக்கூடாது. நானே சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டார். கொட்டகையில் ஏதோ ஒரு கன்று இருமியது. இன்னொன்று தடுப்புக் கம்பியில் நெற்றியைத் தேய்த்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ம்… ஊத்துங்க."

"ஊத்தியாச்சு சார்."

"எப்ப?"

"ரெண்டு சொம்பு ஊத்தியாச்சு."

கண்ணைத் திறந்தார். முழங்காலிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா வெற்றுச் சொம்போடு நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

"எட்டு மாசமா சொல்றேன் சார், அடியில ஊறிக் கிடக்குன்னு. ஒவ்வொரு தடவையும் உங்க தாளை எடுத்துக் காட்டறாரு. 'சாருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?'னு கேக்கறாரு. இப்ப நான் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்னு சொல்லி அனுப்பறாரு. அனுப்பினா இந்தப் பக்கத்துல எவன் சார் எனக்குக் கன்னு குடுப்பான்? கன்னு கொன்னவள்னு பேரு வந்தப்புறம்?"

நம்மவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. எட்டு மாதம். நாற்பத்தொரு பண்ணைகள். இந்த எட்டு மாதத்தில் அவர் எந்தப் பண்ணையிலும் படுக்கைக்கு ஒன்று போட்டதாக ஞாபகம் இல்லை. எல்லாம் பூஜ்யம். தன் மேற்பார்வையில் வட்டாரமே திருந்திவிட்டது என்று நினைத்து, போன மாதம் ஒரு சிறு பாராட்டுரைகூட வாங்கியிருந்தார். ஈர முட்டியோடு அவர் எழுந்து நின்றதை நாற்பத்தொரு பண்ணைக்காரர்களும் கண்ணாரப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பெரிய மனிதர்களின் குறைகளைச் சுட்டிக்காட்டாத இந்த நாகரிகம் நம்மிடையே இன்னும் அழியாமல் இருப்பது ஆறுதலான விஷயம்.

பண்ணைக்காரர் டீயோடு வந்தார். சுருட்டிய கால்சட்டை, வெற்றுச் சொம்பு, வழியும் முட்டி, மூன்றையும் பார்த்தார். கெட்டிக்காரர், யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இந்தாம்மா, நீ போய் வாளியைக் கழுவு" என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, டீயை நீட்டினார்.

"வயசானா வர்றதுதான் சார். எங்க மாமாவுக்குப் பாதமே மரத்துப் போச்சு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம வீடு வரைக்கும் நடந்து வருவாரு."

"உங்க படுக்கை ஈரமா இருக்கு."

"இருக்கட்டும் சார். இது நமக்குள்ள இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "நீங்க இதை எழுதினா என் ஒருத்தனோட போகாது. நாப்பத்தொரு பண்ணையையும் தோண்டணும். உங்க பேரு நாறிப்போகும். அவளுக்கென்ன, கூலிக்காரி. இங்க இல்லன்னா எங்கயாவது பாத்திரம் கழுவுவா. யோசிச்சு வெள்ளிக்கிழமை அனுப்புங்க. அவசரமே இல்ல."

டீ சூடாக இருந்தது. நாக்கும் வேலை செய்கிறது என்று நம்மவர் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தார். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார், வரவில்லை. சாப்பிட்டபிறகு வரக்கூடும் என்று சாப்பிட்டார். இறந்த நாலு கன்றுகளின் முகங்களை ஞாபகப்படுத்த முயன்றார். நாலும் ஒரே முகமாக, பாக்கெட்டின் மேல் இருப்பதுபோல, கண்ணிமை நீண்டு வந்தன. வெட்கம், பயம், பரிதாபம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எங்கேயும் ஆள் இல்லை.

மனைவியிடம் சொன்னார். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"ஏங்க, இதைத்தானே நானும் தலையால அடிச்சுக்கிட்டுச் சொல்றேன்? பேன்ட்டுல முட்டி மட்டும் நாறுது, முட்டி மட்டும் நாறுதுன்னு. எத்தனை தடவை ஊற வெச்சிருப்பேன்!"

"பண்ணைக்குப் போனா நாறத்தான் செய்யும்னு நெனச்சேன்."

"பண்ணைக்குப் போனா முழுசா நாறணும். ரெண்டு வட்டமா நாறுமா?"

இவ்வளவு எளிமையான தர்க்கம் பதினோரு வருடத் தொழில் அனுபவத்துக்கு எட்டவில்லை.

"அந்தம்மா வேலை போயிடுமா?"

"சனிக்கிழமை."

"நீங்க எழுதினா?"

"போகாது. ஆனா நாப்பத்தொரு பண்ணை…"

"நான் நாப்பத்தொண்ணையா கேட்டேன்?" மனைவி ஒரு கால்சட்டையை எடுத்து உதறினார். "அந்தப் பொம்பளை சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, இல்லை அதுவும் மரத்துப்போச்சா?"

"விழுந்துச்சு. ஆனா ஒண்ணும் ஆகல."

மனைவி கால்சட்டையை மடித்து வைத்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போங்க" என்றார்.

டாக்டர் ஒரு பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார், ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். சுத்தியலுக்குக் கால் துள்ளியது. ஆனால் துள்ளிய விவரம் உரிமையாளருக்குத் தெரியவில்லை.

"முட்டி நல்லாத்தான் இருக்கு. மேல் தோலுக்குப் போற நரம்புதான் நசுங்கிப் போச்சு. வருஷக்கணக்கா சிமெண்டுல மண்டி போட்டா இப்படி ஆகும். நடக்க முடியுதா?"

"முடியுது."

"படி ஏற?"

"முடியுது."

"அப்புறம் என்ன? முட்டியால உங்களுக்கு வேற என்ன வேலை?"

நம்மவர் விளக்கினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "இது திரும்பி வருமா?" என்ற கேள்விக்கு, "சொல்ல முடியாது" என்றார். மருந்துச் சீட்டில் கை பெரும்பாலும் மேசைமேல் இருக்கக்கூடிய வேலையாகப் பார்த்துக்கொள்ளும்படி எழுதினார்.

வியாழக்கிழமை மேலாளர் அறை. மேலாளர் எதற்கும் பதறாதவர். பதற்றம் தேவைப்படும் சமயங்களில் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்திக்கொண்டார்.

"என்னய்யா முட்டி, தலையில கல்லைத் தூக்கிப் போடற? 'நூறு சதவீதம் காய்ந்த படுக்கை'ன்னு பாக்கெட்டுல அச்சடிச்சு லாரி ஏறிடுச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அந்த நூறு என்னோடதுதான்."

"சரி, ஒண்ணு பண்ணு. போன தடவை காய்ஞ்சிருந்துச்சு, அப்புறம் மழையில நனைஞ்சிடுச்சுன்னு எழுது. யாருக்கும் நோகாது. அந்தப் பண்ணையில மட்டும் ஆளை மாத்தினதா இருக்கட்டும். கன்னு பாத்தது சரியில்லை, ஆளை மாத்தியாச்சு, முன்னேற்றம். நல்லா இருக்கு பாரு, ரிப்போர்ட்டே கோர்வையா வருது."

நம்மவர் தன் மேசைக்குப் போய் அப்படியே எழுத உட்கார்ந்தார். இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, எழுதத்தான் உட்கார்ந்தார். கன்று பார்ப்பவரின் கவனக்குறைவு என்று எழுதியும் விட்டார். பிறகு வழக்கப்படி ஒன்பது கட்டங்களையும் சரிபார்த்தார். ஒன்பதாவது கட்டத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: பதினேழுக்குப் பதினேழு. கவனிக்கப்படாத கன்றுகள் நீட்டிய கையை நோக்கி ஓடிவருமா? வராது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒரே தாளில் இருக்க முடியாது.

வாசகர்கள் இந்த இடத்தில் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுதுவேன் என எதிர்பார்ப்பார்கள். அந்தத் தரப்பிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. தாள் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பொருந்தாத தாளில் அவர் என்றைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தார். படுக்கை: இரண்டு. கன்று பார்ப்பவரின் பராமரிப்பில் குறை இல்லை. முந்தைய இரண்டு மதிப்பீடுகளும் தவறு. காரணம்: மதிப்பீட்டாளரின் முட்டி. அதே காரணத்தால் மற்ற நாற்பது பண்ணைகளின் மதிப்பெண்களும் செல்லாது. படுக்கை மாறும்வரை இந்தப் பண்ணைப் பாலை எடுக்கக்கூடாது. கையெழுத்து, தேதி.

மேலாளர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"'காரணம்: முட்டி'. இதை நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும்?"

"ஆமா சார்."

"சிரிப்பாங்கய்யா."

"சிரிக்கட்டும் சார். நகல் நான் நேரா அங்கேயும் அனுப்பிட்டேன்."

தலைமை அலுவலகம் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர்கள் அதிகார வரம்பில் வராது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது. மதிப்பீட்டாளர்கள் அனைவரும் மாதம் ஒருமுறை தத்தம் முட்டிகளை மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும். முட்டிக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என மதிப்பெண் உண்டு. நம்மவருக்குத் தனிக் கடிதம்: பாராட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, நாற்பத்தொரு பண்ணைகளையும் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், இம்முறை உள்ளங்கையால், அதன் பிறகு பால் அளக்கும் மேடைக்கே திரும்பிவிடலாம். பாக்கெட்டில் இருந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். கன்றுக்குட்டிப் படம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை அறிக்கையை நேரில் கொடுக்கப் போனார். தொழுவத்து முற்றத்தில் நின்றுகொண்டு பண்ணைக்காரர் படித்தார். வாசலில் பால் வண்டி வந்து, பாலை எடுக்காமல் காலிக் கேன்களோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"உங்க முட்டி செத்துப்போனதுக்கு நான் தரையை உடைக்கணுமா?"

"சாய்வைத் திருப்பிப் போட்டாப் போதும். அதுவரைக்கும் தினம் அடி வைக்கோலோட மாத்தணும்."

"இந்தப் பொம்பளையை நான் அனுப்பறதா சொல்லிட்டேன். வேற ஆள்கிட்ட பேசியாச்சு."

"பராமரிப்பில் குறை இல்லைன்னு எழுதியிருக்கு. அனுப்பினீங்கன்னா, ஏன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

பண்ணைக்காரர் அறிக்கையைப் பார்த்தார், காலிக் கேன்களைப் பார்த்தார், நம்மவரின் முட்டியைப் பார்த்தார். மூன்றில் கடைசியைத்தான் அதிகம் வெறுத்தார் என்று தோன்றியது. உள்ளே போய் யாருக்கோ தொலைபேசியில் கத்தினார். ஒரு மணி நேரத்தில் வண்டி நிறைய வைக்கோல் வந்து இறங்கியது.

கன்று பார்க்கும் அம்மா ஏற்கனவே தடுப்பைத் தோண்ட ஆரம்பித்திருந்தார். நம்மவர் காலணியைக் கழற்றிவிட்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பொன்னிற மேலடுக்கு இரண்டு விரல் இருந்தது. அதற்குக் கீழே ஒரு முழம் ஆழத்துக்குக் கறுப்பாக, கனமாக, மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு ஆவி பறக்க வந்தது. கண் எரிந்தது. மூக்கு எரிந்தது. இரண்டு பேரும் நடுப்பகல்வரை அள்ளிக் கொட்டினார்கள். கன்றுகள் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தன.

கடைசித் தடுப்பில் புது வைக்கோலைப் பரப்பியதும் அந்த அம்மா இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார்.

"செத்ததை எழுதினீங்களா சார்?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. உயிரோட இருக்கறதுக்குத்தான்."

"கட்டத்துக்கு வெளிய எழுதுங்க. நான் பட்டினி போட்டுச் சாகலைன்னு அதுலயும் இருக்கணும்."

நம்மவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, படிவத்தை எடுத்து, தடுப்புக் கம்பியின் மேல் வைத்தார். அந்த அம்மா காது வில்லை எண்களை மனப்பாடமாகச் சொன்னார், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பதினைந்து. "அது நெத்தியில வெள்ளை. எழுத வேணாம், சும்மா சொல்றேன்." நானூற்று இருபத்தொன்று. நானூற்று இருபத்திரண்டு. அவர் ஓரத்தில் எழுதினார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் என்ன போடுவது என்று கேட்டார்.

"படுக்கைன்னு போடுங்க."

நாலு முறை படுக்கை என்று எழுதினார். எழுதும்போது ஏதாவது வருகிறதா என்று கொஞ்சம் கவனித்தார். வரவில்லை. கை மட்டும் வலித்தது, மண்வெட்டி பிடித்ததால்.

"எழுதியாச்சா?"

"ஆச்சு."

"ஒரு தடவை படிங்க."

படித்தார். நானூற்று இருபது அல்ல, இருபத்தொன்று என்று அந்த அம்மா ஓர் எண்ணைத் திருத்தச் சொன்னார். திருத்தினார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, காம்பு வாளியைக் கையில் எடுத்தார். கன்றுகள் அவர் பக்கம் திரும்பின.

"அப்ப வெளிய நில்லுங்க சார். பால் வைக்கற நேரம். நீங்க நின்னா உங்களைத்தான் சப்பும்."